மஞ்சள் பெல்ட் வாங்கியதும் நின்றுவிடும் பிள்ளைகள்: ஆர்வத்தைத் தக்கவைப்பது எப்படி?

இளம்_மாஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். புதிதாகச் சேரும் பிள்ளை துள்ளிக்கொண்டுதான் வருகிறது. வெள்ளை உடுப்பு, சத்தம் போட்டுப் பஞ்ச் விடுவது, எல்லாமே பிடித்திருக்கிறது. மூன்று நான்கு மாதம் போனதும் அதே பிள்ளை வாசலிலேயே சோர்ந்து நிற்கிறது. "மாஸ்டர், இன்னிக்கும் இதேதானா?" என்று கேட்கிறது. மஞ்சள் பெல்ட் கைக்கு வந்த பிறகு சிலர் எட்டிப்பார்ப்பதே இல்லை.

சரியாக வராமல் கஷ்டப்படுகிறவர்கள் விட்டுப்போனால்கூடப் புரிந்துகொள்ளலாம். போகிறவர்களில் பலர் நன்றாகச் செய்கிறவர்கள். அதுதான் மனதை உறுத்துகிறது.

என் வகுப்பு இப்படிப் போகும்: முதலில் ஓட்டமும் ஸ்ட்ரெச்சும். அப்புறம் வரிசையாக நின்று பஞ்ச், பிளாக், கிக். அப்புறம் கட்டா, அதாவது வரிசை மாறாத அசைவுகளைத் தனியாகச் செய்து பழகுவது. கடைசியில் ஒழுக்கம் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவேன். எங்கே கை வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கருப்புப்பட்டை

தம்பி, "இதேதானா" என்று கேட்கிற பிள்ளையிடம் "ஆமாம், இதேதான்" என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். ஒரே பஞ்சைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் கராத்தே. இப்போது பல இடங்களில் பாதி வகுப்பு பந்து விளையாட்டிலும் ஓடிப்பிடித்தலிலும் போகிறது. பிள்ளை தங்கும், கலை தங்காது.

வணக்கம், அமைதியாக உட்காருதல், மூத்தவரை மதித்தல் இதையெல்லாம் குறைத்துக்கொண்டு வெறும் அடியும் உதையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. 1986-இல் மைக்கேல் ட்ரல்சன் வெளியிட்டது. நடத்தைச் சிக்கல் உள்ள 13 முதல் 17 வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். ஒரு குழுவுக்குத் தியானம், மரியாதை முறை எல்லாம் சேர்ந்த மரபான டேக்வாண்டோ. இன்னொரு குழுவுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும். மரபு முறையில் கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டை மட்டும் கற்றவர்களிடம் அது கூடிவிட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் வகுப்பில் நான் பார்ப்பதும் அதுதான். பிள்ளை போய்விடுமே என்று பயந்து அடிப்படையை விட்டுவிடாதீர்கள்.

மேட்_அக்கா

ஐயா, அடிப்படையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் ஜூடோ சொல்லித்தருகிறேன், எங்களுக்கும் அதுதான் உயிர். ஆனால் அந்த வகுப்பில் பிள்ளை நிஜமாகவே திரும்பத் திரும்பச் செய்கிறதா?

இளம் மாஸ்டர், ஒருநாள் உதவியாளரை வகுப்பெடுக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கடிகாரத்தோடு கவனியுங்கள். எத்தனை நிமிடம் அதன் உடம்பு அசைந்தது, எத்தனை நிமிடம் தன் முறைக்காகக் காத்து நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதைத்துப் பழகும் பேட் (மெத்தைத் திண்டு) ஒன்று, பிள்ளைகள் இருபது பேர் என்றால் ஒரு பிள்ளை ஒருமுறை உதைக்கிறது, பத்தொன்பது பேர் உதைப்பதை நின்று பார்க்கிறது. சலிப்பு கிக்கில் இல்லை, அந்த வரிசையில் இருக்கிறது. நன்றாகச் செய்கிற பிள்ளைதான் அங்கே முதலில் சலித்துப்போகும். அது எப்போதோ தயாராகிவிட்டது, ஆனால் செய்ய இடமில்லை. எங்கள் மேட்டில் (பயிற்சிப் பாயில்) மூன்று பேருக்கு மேல் வரிசை நிற்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பேட் போதவில்லையா? இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒருவர் உள்ளங்கையைக் காட்டட்டும், மற்றவர் தொடாமல் அதன் முன்னால் பஞ்சை நிறுத்தட்டும். தூரக் கணிப்பு அதில் தானாக வந்துவிடும்.

எங்கள் உகேமியை உதாரணமாகச் சொல்கிறேன், அதாவது அடிபடாமல் விழக் கற்பது. முதலில் உட்கார்ந்த நிலை. தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, தன் பெல்ட் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பின்னால் சாயச் சொல்வேன். முதுகு தரையைத் தொடும் நொடியில் இரண்டு கைகளும் உடம்பை விட்டுச் சற்று விலகி மேட்டில் தட்ட வேண்டும். முடிச்சைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண் அங்கே இருந்தால் தலை பின்னால் தொங்காது. "தலையைத் தூக்கு" என்று பத்துமுறை கத்தினாலும் நடக்காதது, "முடிச்சு என்ன நிறம் சொல்லு" என்றால் ஒரே தடவையில் நடக்கும். உட்கார்ந்து வந்ததும் குந்திய நிலையிலிருந்து. அப்புறம் நின்றபடி. அப்புறம் நடந்துவந்து. அப்புறம் கூட்டாளி மெல்லத் தள்ள. எல்லாமே ஒரே உகேமி, ஐயா கேட்கிற திரும்பச் செய்தல் முழுசாக அதில் இருக்கிறது. பிள்ளைக்கோ வாரா வாரம் ஒரு படி புதிதாக இருக்கிறது.

உங்கள் மே கெரியையும், அதாவது முன் உதையையும், அப்படியே பிரிக்கலாம். முழங்காலை மட்டும் தூக்குவது, தரையில் கிடக்கும் பேடைத் தாண்டி உதைப்பது, அசையாத பேட், நகரும் பேட், பின்வாங்கி உதைப்பது. "இன்னிக்கும் இதேதானா" என்ற கேள்விக்கு அப்போது "இதேதான், ஆனால் பேட் இன்று ஓடப்போகிறது" என்று பதில் சொல்லலாம்.

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தை எறிந்து நேரம் போக்குவது வேறு. ஸ்டான்ஸில் (சண்டைக்குத் தயாரான நிலையில்) நின்று, எதிராளியின் முழங்காலைத் தொட வேண்டும், தன் முழங்காலைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் ஆட்டம் வைத்துப் பாருங்கள். கால் அசைவு, தூரம், கை காவல் மூன்றும் அதில் இருக்கின்றன. சிரித்துக்கொண்டே வியர்த்துப்போவார்கள்.

இருவரின்_அப்பா

நான் மாஸ்டர் இல்லை, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவன். எங்கள் வகுப்பில் பெல்ட்டின் நுனியில் சின்னச் சின்னக் கோடு ஒட்டுகிறார்கள். வருகைக்கு ஒன்று, கட்டாவுக்கு ஒன்று, வீட்டில் உதவி செய்ததற்கு ஒன்று. என் சின்னவள் அதற்காகவே சீக்கிரம் கிளம்பி நிற்கிறாள். அடுத்த பெல்ட் ரொம்பத் தூரமாகத் தெரிவதால்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இப்படிக் கிட்டத்தில் ஒரு பரிசு வைத்தால் என்ன?

விளையாட்டு_ஆசிரியர்

அண்ணா, நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அந்தக் கோட்டை எதற்காக ஒட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைய ஆசைப்படும் மழலையர் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, முன்பே பேரம் பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் ஆர்வம் குறையவில்லை.

மஞ்சள் பெல்ட்டோடு நின்றுபோகும் பிள்ளைகளை இதோடு வைத்துப் பாருங்கள். "நல்லாச் செய், மஞ்சள் பெல்ட் கிடைக்கும்" என்று மாதக்கணக்கில் சொல்லி வைத்திருக்கிறோம். கிடைத்தாயிற்று. பேரம் முடிந்தது. அந்தப் பிள்ளை நியாயமாகத்தான் நடந்துகொண்டது.

கோடு ஒட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "உன் பின்கால் குதிகால் இப்போது தரையை விட்டு எழவில்லை, அதற்காக இந்தக் கோடு" என்றால் அது பிள்ளைக்கு ஒரு தகவல். வருகைக்கும் வீட்டு வேலைக்கும் ஒட்டினால் அது கூலி. பாராட்டும் அப்படியே. "சூப்பர், சூப்பர்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னால் இரண்டாவது வாரத்திலேயே அதன் மதிப்புப் போய்விடும். "போன வாரம் மூன்றாவது அசைவில் நின்று யோசித்தாய், இன்று நிற்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நம்மை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதே எட்டு வயதுக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று. நிறப் பட்டைகள் ஆதிகாலத்துச் சமாச்சாரம் போலப் பேசுகிறோம். கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கியபோது இத்தனை நிறங்கள் இல்லை. 1930களில் பாரிஸில் கற்பித்த கவாய்ஷி மிகினோசுகேதான் படிக்கு ஒரு நிறம் என்பதைப் பரவலாக்கியவர். மாணவருக்குத் தன் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்துக்கு உதவும்வரை பெல்ட் நல்லதுதான்.

பழைய_கருப்புப்பட்டை

பெல்ட் விஷயத்தில் ஆசிரியர் சொல்வது சரி. பத்து வயதுப் பிள்ளைக்குக் கருப்புப் பெல்ட் கட்டிவிட்டு அதற்கப்புறம் எதைக் காட்டி வரச்சொல்வது? டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்குக் கீழே டான் என்ற கருப்புப் பட்டைத் தகுதியைத் தருவதில்லை, பூம் என்று சிவப்பும் கருப்பும் கலந்த பட்டை கொடுக்கிறார்கள். வயதுக்கேற்ற மரியாதை அது. கராத்தே வகுப்புகள் அதைப் பார்த்தாவது கொஞ்சம் நிதானிக்கலாம்.

விட்டுப்போனவள்

நான் பத்து வயதில் கராத்தேயை விட்டவள். இங்கே எல்லோரும் சொல்லித்தருகிறவர்களாகப் பேசுகிறீர்கள், அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி சொல்லட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குச் சலிப்பே வரவில்லை. கட்டா ரொம்பப் பிடிக்கும், வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பேன். என்னை விரட்டியவை இரண்டு. இடது வலது குழம்பித் திரும்பினால் எங்கள் மாஸ்டர் என்னை முன்னால் வரச்சொல்லி, நான் செய்தது மாதிரியே செய்து காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் புஷ்-அப். நான் புஷ்-அப் செய்து முடிப்பதற்குள் அடுத்த அசைவைச் சொல்லிக்கொடுத்து முடித்திருப்பார்கள், அடுத்த முறை அதிலும் தப்புவேன்.

இரண்டாவது காரணம் ஸ்பாரிங், அதாவது இருவராக மோதிப் பழகுவது. என்னைவிடத் தலை உயரமான பையனோடு நிறுத்தினார்கள். "பயப்படாதே" என்றார்கள். பயத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் ஒரு கிக் வாங்கி மூச்சு அடைத்துப்போனது. அதற்கடுத்த வாரம் எனக்கு வயிற்று வலி, அதற்கடுத்த வாரம் தலைவலி. அம்மாவிடம் கடைசிவரை நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை.

"ஆர்வம் இல்லை" என்று நீங்கள் எழுதிவைக்கும் பிள்ளைகளில் என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள்? போகிற பிள்ளையிடம் தயவுசெய்து ஒருமுறை தனியாகக் கேளுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.

கம்பு_ஆசான்

தங்கச்சி எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. புஷ்-அப் பயிற்சியாக இருக்கலாம், தண்டனையாகக் கூடாது. உடம்பை வருத்துவது தண்டனை என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் உடற்பயிற்சி என்றாலே முகம் சுளிக்கும்.

நான் சிலம்பம் சொல்லித்தருகிறேன். பயம் எங்களுக்கு முதல் நாளிலேயே வந்துவிடும், ஏனென்றால் கையில் கம்பு இருக்கிறது. அதனால் பயத்தைப் படிப்படியாகக் கரைக்க வழி வைத்திருக்கிறோம். பிள்ளையின் நெற்றி உயரத்துக்குக் கம்பு, எடை குறைவாக. முதலில் காலடி, கம்பே இல்லாமல். அப்புறம் தனியாகச் சுற்று. அது கைக்குப் பழகி, கம்பைப் பார்க்காமல் எதிரே பார்த்துச் சுற்ற வந்தபிறகுதான் ஜோடி. ஜோடியிலும் முதலில் எந்த வீச்சு எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியும். மெதுவாக வீசு, தடு. மெதுவாக வீசு, தடு. கம்பும் கம்பும் மோதும் சத்தம் தனக்கு எதிரி இல்லை என்று காது ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வேகத்தைக் கூட்டச் சொல்லிப் பிள்ளையே கேட்கும். கேட்கும்வரை நான் கூட்டுவதில்லை. வேகம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பயம் குறைவு, அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பாரிங்கும் அப்படியே இருக்கலாம். தோளை மட்டும் தொடுவது, ஒருவர் மட்டும் தாக்குவது, "நிறுத்து" என்று சொல்லும் உரிமை இருவருக்கும். தலையில் அடி விழும் பயிற்சியை நான் சின்னப் பிள்ளைகளுக்கு வைப்பதே இல்லை. உடலாலும் மனதாலும் முதிர்ச்சி தெரியும்வரை மோதல் பயிற்சியைத் தள்ளிவையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2016-இல் சொல்லியிருக்கிறது.

இளம் மாஸ்டருக்கு ஒன்று. 6 வயதும் 11 வயதும் ஒரே வரிசையில் நிற்பது இருவருக்குமே கஷ்டம். ஆறு வயதுக்கு ஒரு வேலையில் சில நிமிடங்களுக்கு மேல் மனம் நிற்காது, பதினொன்றுக்கோ அந்தச் சின்ன விளையாட்டுகள் வெட்கமாக இருக்கும். நேரம் பிரிக்க முடியவில்லை என்றால் பெரியவர்களைச் சின்னவர்களுக்கு ஜோடியாகப் போடுங்கள், ஆனால் முழு வகுப்பும் வேண்டாம். பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும், மற்ற நேரம் அவர்கள் தங்களுக்காகக் கற்கட்டும். சிலர் பெரிய பிள்ளைகளைச் சம்பளமில்லாத உதவியாளராகவே ஆக்கிவிடுகிறார்கள். அதுவும் அவர்கள் விட்டுப்போக ஒரு காரணம்.

இளம்_மாஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. மேட் அக்கா சொன்ன கடிகார வேலையை இந்த வாரமே செய்கிறேன். ஜோடிப் பயிற்சிக்கும் பேட் ஏற்பாடு செய்துவிடலாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். வகுப்பு நடக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் "காலைத் தூக்கு, தூக்கு" என்று குரல் கொடுக்கிறார்கள். பிள்ளை என்னைப் பார்ப்பதா அம்மாவைப் பார்ப்பதா என்று தவிக்கிறது. என்ன செய்வது? அப்புறம், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, கட்டாவில் என் வகுப்பிலேயே சுத்தமாகச் செய்பவள். போட்டிக்குப் போய்வந்த பிறகு "வேண்டாம் மாஸ்டர்" என்கிறாள். பெற்றோர் விடக் கூடாது என்கிறார்கள்.

மேட்_அக்கா

பெற்றோரைத் திட்டாதீர்கள், அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். "இன்று உங்கள் பிள்ளை புதிதாக என்ன செய்தது என்று ஒன்றே ஒன்று கவனித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கவனிக்கிறவர் கத்த மாட்டார். அதற்கும் அடங்காதவர்களிடம் தனியாக, மரியாதையோடு, வகுப்பு நேரத்தில் ஒரே குரல்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

போட்டி விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஜூடோ பிறந்த நாட்டிலேயே அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியை 2022-இல் நிறுத்திவிட்டது. எடைப் பிரிவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு மெலியவைப்பது, நடுவரைப் பெரியவர்கள் வசைபாடுவது என்று வெற்றி வெறி அளவுக்கு மீறிப்போனதுதான் காரணம். கறாரான பயிற்சிக்குப் பேர்போனவர்களே பிள்ளைகளின் நீண்டகால வளர்ச்சி முக்கியம் என்று முடிவெடுத்தார்கள். அதனால் அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவள் வேண்டாம் என்பது கராத்தேயையா, போட்டியையா என்பதுதான்.

இருவரின்_அப்பா

கூலி, தகவல் என்று ஆசிரியர் பிரித்துச் சொன்னது நன்றாகப் புரிந்தது. எங்கள் மாஸ்டரிடமும் பேசிப் பார்க்கிறேன்.

விடுவது பற்றி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு கெட்ட வகுப்புக்கு மறுநாள் முடிவெடுக்க மாட்டோம். இந்தப் பருவம் முடியும்வரை போவோம், அதன் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள். பெரியவன் இப்படித்தான் ஒரு பருவம் நின்றான், அப்புறம் தானே திரும்பி வந்தான். திரும்பி வந்தபோது மாஸ்டர் ஏன் நின்றாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவன் பழைய இடத்திலேயே நிற்கச் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. ஆனால் விட்டுப்போனவள் சொன்ன மாதிரி பயமோ அவமானமோ காரணம் என்றால் பருவம் முடியவெல்லாம் காத்திருக்கக் கூடாது.

பழைய_கருப்புப்பட்டை

மேட் அக்காவின் உகேமிப் படிகளைப் பற்றி யோசித்தேன். இதோசு ஆன்கோ செய்ததும் அதுதான். 1900களின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர் அவர். பழைய நீண்ட கட்டாக்கள் பிள்ளைகளுக்குப் பெரிய சுமை என்று பார்த்து, ஐந்து பினான் கட்டாக்களைத் தந்தார். ஷோட்டோகான் என்ற கராத்தேப் பிரிவில் ஹெயான் என்று இன்று நாம் சொல்லித்தருவது அவற்றைத்தான். பிள்ளைக்கேற்றபடி சின்னதாக்குவது கலைக்குத் துரோகம் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

என் தரப்பில் ஒரு யோசனை. கட்டா சலிக்கிறது என்றால் பெரும்பாலும் பிள்ளைக்கு அந்த அசைவு எதற்கென்றே தெரியாது. ஹெயான் வரிசையின் முதல் கட்டாவான ஹெயான் ஷோதானில் கையை ஓங்கிக் கீழே இறக்கும் இடம் வருமே, அங்கே நிறுத்தி, ஒரு பிள்ளையை அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளை கையை இழுத்துச் சுழற்றி விடுவித்துக்கொள்ளட்டும். பிடி நழுவும்போது அந்தக் கண்களைப் பாருங்கள். அடுத்தமுறை கட்டா செய்யும்போது அந்த இடத்தில் வேகம் தானாக வரும். அந்த ஒன்பது வயதுப் பெண்ணையே செய்து காட்டச் சொல்லலாம், மதிப்பெண் போட ஆளில்லாமல்.

விட்டுப்போனவள்

ஐயா, எனக்கு அந்த அசைவை அப்படி யாரும் காட்டியதே இல்லை. இப்போதுதான் தெரிகிறது.

இளம் மாஸ்டர், அந்தப் பெண்ணிடம் பேசும்போது "ஏன் வேண்டாம்?" என்று தொடங்காதீர்கள். அந்த வயதில் அதற்குப் பதில் வராது, "தெரியல" என்றுதான் வரும். "வகுப்பில் எது நடக்கும்போது வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பதில் வர நேரம் ஆகும். மேட்டைச் சுருட்டி வைக்க உதவி கேட்டுக்கொண்டே, அவள் முகத்தையே பார்க்காமல் கேட்டால் இன்னும் நல்லது.